பொத்தானை விடாதவர்

மனிதர்களைப் பேசுபவர்கள், கேட்பவர்கள் என்று இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் கணக்கில் ஓர் இனம் விட்டுப்போயிருக்கிறது. தான் பேசுவது மற்றவருக்குக் கேட்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டுமே பேசுகிற இனம் அது. இந்த இனத்தை எங்கும் பார்க்கலாம் என்றாலும், அது கலப்படமில்லாமல் கிடைப்பது கைவானொலி, அதாவது வாக்கி-டாக்கி, வைத்திருப்பவர்களிடம்தான்.

மாடிகளிலும் பால்கனிகளிலும் நிமிர்ந்து பாருங்கள். சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புக் கருவி வாயருகே இருக்கும். அதன் தலையில் எலிவால் மாதிரி ஒரு ஆன்டெனா ஆடும். இன்னொரு கை இடுப்பில். பார்வை வானத்தில், ஏதோ அங்கிருந்து யாரோ இவரைத்தான் தேடிக்கொண்டிருப்பது போல. அருகே போகாதீர்கள். போனால் அந்தக் கருவி எத்தனை வாட் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வீட்டுக்கு எப்போது போவோம் என்பதுதான் தெரியாது.

கருவியின் மேல் குற்றமில்லை. பக்கவாட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அழுத்திக்கொண்டே கேட்க முடியாது. பேசும்போது சிவப்பு விளக்கு எரியும், யாராவது பேசுவது வந்தால் பச்சை எரியும். ஒரே அலைவரிசையில் பத்துப் பேர் இருந்தால் ஒருவர் விட்டால்தான் அடுத்தவருக்கு வாய் திறக்கும். மனிதனுக்கு மரியாதை கற்றுக்கொடுக்க இதைவிடச் சுலபமான சாதனம் உண்டா? செய்தவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறார். அதை வாங்கப்போகிறவர்களை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். வெள்ளத்திலும் புயலிலும் தூங்காமல் காதைக் கொடுத்துக் காத்திருக்கும் நல்ல வானொலிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நமக்கு வேண்டியவர் மற்றவர்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊரில் அவருக்கு ஆன்டெனாக்காரர் என்று பெயர். தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. வீட்டில் மனைவி, பதினெட்டு வயது மகள். அந்த மகள் பக்கத்தில் நின்று அவரைப் பார்ப்பதுதான் நல்லது. பதினொரு வருடமாக, அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அந்தக் கருவி வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து, இந்த இனத்தை இவ்வளவு பக்கத்திலிருந்து ஆராய்ச்சி செய்தவர்கள் வேறு யாரும் இல்லை.

அவளுக்கு அப்பாவின் முகத்தைவிட அவருடைய உள்ளங்கைதான் அதிகப் பழக்கம். யாராவது பேச வாய் திறந்தால் அந்தக் கை எழும்பும். விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை வெளியே பார்த்து, பஸ்ஸை நிறுத்துவது போல. "இரு" என்று அர்த்தம். எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்காது. ஒன்பது வயதில் விளையாடப் போன இடத்தில் பல் உடைந்து, வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். கை எழும்பியது. அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தவர் மூன்று தெரு தள்ளிக் குடியிருப்பவர்.

"கேக்குதா? என் குரல் எப்படி வருது?"

"பிரமாதமா வருது. என் குரல் எப்படி?"

"பிரமாதம். ஆன்டெனா மாத்தியிருக்கேன், வித்தியாசம் தெரியுதா?"

"நல்லா தெரியுது. நான் பேட்டரி மாத்தினேன்."

"அதுவும் தெரியுது. அங்க மழையா?"

"மழைதான். அங்க?"

"இங்கயும் மழை."

மூன்று தெருவுக்கும் ஒரே மேகம். இருபது நிமிடம் கழித்து அவர் திரும்பி, "என்னம்மா, சொல்லு" என்றபோது அவள் அழுது முடித்து, முகம் கழுவி, அம்மா கொடுத்த ஐஸ் கட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். "அப்ப எதுக்கு நடுவுல வந்து நிக்கற?" என்று அவர் வருத்தப்பட்டார்.

அன்றுதான் அம்மா அவளுக்கு விளக்குகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தாள்.

"சிவப்பு எரிஞ்சா உங்கப்பா பேசறாரு, பேசாத. பச்சை எரிஞ்சா வெளியாள் பேசறான், அப்பவும் பேசாத. ரெண்டும் எரியலைன்னா பேட்டரி தீர்ந்துருச்சுன்னு அர்த்தம். அப்ப பேசு."

"அப்பவும் சார்ஜரத் தேடிட்டிருப்பாரேம்மா."

"தேடிக் குடு. குடுக்கும்போது ரெண்டு வார்த்தை சொல்லிடு."

இப்படித்தான் அந்த வீட்டில் பள்ளிக்கூடப் படிவங்களில் கையெழுத்து வாங்கப்பட்டது, பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் தெரிவிக்கப்பட்டது, அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது அறிவிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் சார்ஜரும் கையுமாக.

கடையில் மட்டும் வேறு ஆளா? இல்லை. நாற்காலியில் உட்காரவைத்த பெரியவர் எதிர்ச் சுவரிலிருக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியை நான்கு தடவை வாசித்துவிட்டு, "இது சரியா தம்பி?" என்று கேட்பார். நம்மவர் காதில் கருவியை வைத்தபடி, "ஐந்து ஒன்பது, ஐந்து ஒன்பது" என்பார். குரல் தெளிவாகவும் பலமாகவும் வருகிறது என்று அந்த உலகத்தில் அதற்கு அர்த்தம். பெரியவர் அதைக் கண்ணாடியின் எண் என்று நினைத்து மலைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

பதினொரு நாட்டு ஆட்களோடு பேசியிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வார். உண்மைதான். மலைமேல் இருக்கும் நிலையங்கள் வழியாகக் குரல் தாவித் தாவிப் போய்விடுகிறது. என்ன பேசினீர்கள் என்று ஒருமுறை மகள் கேட்டாள். யோசித்தார். "நான் பேசினது அவங்களுக்குக் கேட்டுச்சு" என்றார். பிறகு? "அவங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு." அதற்குப் பிறகு? அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரர் பெயர் என்னவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

கருவியைச் செய்தவர்களுக்கு இந்த இனத்தைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் பொத்தானை விடாமல் பிடித்திருந்தால், கருவி சூடேறுவதற்கு முன் அதுவே பேச்சை வெட்டிவிடும். வாங்கிய முதல் வாரத்திலேயே நம்மவர் பேச்சு அப்படி ஒருமுறை வெட்டுப்பட்டது. "என் பேச்ச நிறுத்த இவன் யாரு?" என்று கையேட்டை இரண்டு நாள் புரட்டி, அந்தக் கடிகாரத்தைத் தேடிப் பிடித்து அணைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். பக்கத்துத் தெருவைக் கூப்பிட அரை வாட் போதும். அவர் வைத்திருப்பது எப்போதும் ஐந்து வாட். ஆன்டெனாவும் கருவியோடு வந்ததைப் போல இரண்டு மடங்கு நீளம். ஒரே அலைவரிசையில் பலமானவர் பேசினால் பலவீனமானவர் குரல் இருந்த இடம் தெரியாமல் அமுங்கிவிடும். அதைக் குறை என்று நீங்கள் நினைக்கலாம். அவர் அதைத்தான் விலை கொடுத்து வாங்கினார்.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே காலையில் வேலைக்கு வரப்போகின்றன.

மகளுக்கு வேண்டியது ஒன்றுதான். வீட்டை விட்டுப் போக வேண்டும். மலைச்சாலையில் வருடம் ஒருமுறை பெண்களுக்கு நீண்ட ஓட்டப் போட்டி நடக்கும். முதல் மூன்று இடத்தில் வருகிறவர்களுக்கு உடற்கல்விக் கல்லூரியில் இடம், விடுதியோடு. விண்ணப்பத்தை அன்றைக்கே, ஓட்டம் முடிகிற இடத்திலேயே, பெற்றோர் கையெழுத்தோடு கொடுத்துவிட வேண்டும். எட்டு மாதமாக விடியலில் எழுந்து ஓடினாள். அப்பாவோ அவள் பால் வாங்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பால் வாசலுக்கே வந்துகொண்டிருந்தது.

கையெழுத்துக்கு மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் உள்ளங்கை. நான்காவது தடவை சார்ஜரோடு போனாள். வாங்கிக்கொண்டே, "முதல்ல மூணுக்குள்ள வா, கையெழுத்து தானா வரும்" என்றார். அதை வாக்குறுதி என்றே அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

மலையில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. அதனால் ஓட்டப் பாதையில் ஆறு இடங்களில் வானொலிச் சங்கத்துக்காரர்களை நிறுத்துவது வழக்கம். இந்த வருடம் நம்மவரையும் கூப்பிட்டார்கள். வீடே அதிர்ந்தது.

"நீயும் ஓடறியாமே? சொல்லவே இல்ல?"

"எட்டு மாசமா சொல்றேன்பா."

"பாரேன், ஒரே நிகழ்ச்சியில அப்பாவும் பொண்ணும்!" என்றார். எது நிகழ்ச்சி, எது ஓரம் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

அவர் எதிர்பார்த்தது ஓட்டம் முடிகிற இடத்தில் போடப்படும் கட்டுப்பாட்டு மேசையை. எல்லா நிலையங்களும் அங்கேதான் பேசும், அங்கிருந்துதான் உத்தரவு போகும். சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், அந்த மேசையைத் தானே வைத்துக்கொண்டார். நம்மவரை நான்காம் நிலையத்துக்கு அனுப்பினார். தண்ணீர்த் தொட்டியருகே சாலை இரண்டாகப் பிரிகிற இடம். வலது பக்கம்தான் போட்டிப் பாதை, இடது பக்கம் ஏதாவது தடங்கல் வந்தால் பயன்படுத்த ஒதுக்கிவைத்தது. இரண்டும் ஒரே தூரம், கீழே ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

"ஓடறவங்க உங்களத் தாண்டினா நம்பரச் சொல்லுங்க. மத்த நேரம் கேட்டுக்கிட்டு இருங்க" என்றார் டீச்சர்.

"ரோஜர், கேட்டுச்சு. முக்கியமான முனைன்னுதான் என்ன அங்க போடறீங்க, புரியுது."

"அங்க பேச ஆள் கிடையாது" என்றார் டீச்சர். நம்மவர் அதற்குள் அடுத்த வாக்கியத்தை யோசிக்கத் தொடங்கியிருந்ததால் இது அவர் காதில் விழவில்லை.

போட்டிக்காகவே ஒரு மேல்சட்டை வாங்கினார். பதினான்கு பைகள், தோளில் பட்டை, பட்டையில் இரும்புக் கொக்கி. கருவியை இடுப்பில் மாட்டினார். அதிலிருந்து சுருள் சுருளாக ஒரு வயர் மேலே ஏறி, முனையில் ஒரு சின்ன மைக். அந்த மைக்கிலும் ஒரு பேசும் பொத்தான் உண்டு, மற்றவர்கள் குரல் கேட்பதும் அதிலிருந்துதான். படங்களில் வரும் அதிகாரிகளைப் போல அதைத் தோள் பட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய பதினொரு வருட ஆசை. கண்ணாடி முன் நின்று நான்கு தடவை செருகிப் பார்த்தார்.

காலையில் தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றதும் மைக்கை எடுத்தார்.

"நாலாம் நிலையம் தயார். என் குரல் எப்படி வருது?"

"கேக்குது. பொத்தானை விட்டுட்டு கேளுங்க" என்றார் டீச்சர்.

மைக்கைத் தோள் பட்டைக்குள் இறுக்கிச் செருகினார். கொக்கி சரியாக வந்து பொத்தான் மேல் உட்கார்ந்தது. இடுப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. தன் இடுப்பைக் குனிந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை மகள் பின்னால் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அம்மா கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகளுடைய துண்டு, துண்டுக்கு அடியில் கையெழுத்தில்லாத விண்ணப்பம். மேசையின் அந்தப் பக்கம் கல்லூரியிலிருந்து வந்த பயிற்சியாளர், நடுத்தர வயதுப் பெண். மேசைமேல் டீச்சரின் கருவி. அதில் பச்சை விளக்கு ஒரு நொடிகூட அணையாமல் இருபத்திரண்டு நிமிடம் எரிந்தது.

நம்மவருக்குத் துணையாக, ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு தபால்காரர் வந்திருந்தார். சாது. எது சொன்னாலும் தலையாட்டுபவர்.

"கவனிச்சீங்களா, ஒருத்தன் வாயத் திறக்கல. நான் தயார்னு சொன்னதும் எல்லாம் கப்சிப்" என்றது மேசைமேல் இருந்த கருவி. "அதுக்குப் பேரு ஒழுக்கம்."

"அப்படிங்களா சார்."

"அந்த டீச்சரம்மாவுக்கு எதுக்கு கன்ட்ரோல் மேசை? அவங்க பேசவே மாட்டாங்க. சும்மா கேட்டுக்கிட்டே இருப்பாங்க. கேக்கறதுக்கெல்லாம் ஒரு ஆளா?"

டீச்சர் நோட்டில் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார். இடையிடையே பொத்தானை அழுத்தி, "நாலாம் நிலையம், உங்க மைக்க பாருங்க" என்று சொல்லிப் பார்த்தார். அழுத்திக்கொண்டிருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? மற்ற நிலையங்களும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். ஐந்து வாட்டுக்கும் இரட்டை நீள ஆன்டெனாவுக்கும் அடியில் எல்லாரும் புதைந்துபோனார்கள். அணைத்துவிட்ட கடிகாரம் அணைந்தபடியே கிடந்தது. டீச்சர் ஒருவரை மோட்டார் சைக்கிளில் மேலே அனுப்பினார். சாலையை ஓட்டத்துக்காக அடைத்திருந்ததால் அவர் மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"இன்னைக்கு வெயில் என்னமோ இடுப்புல மட்டும் சுடுது" என்றது கருவி.

"நாம நிழல்லதான சார் நிக்கறோம்?"

"மலை வெயில் அப்படித்தான்." சற்று நேரம் கழித்துத் தபால்காரரின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "உங்க பொண்ணும் ஓடுதாமே சார்?"

"ஓடறா. ஆனா மூணுக்குள்ள எங்க வரப்போறா."

"வந்துட்டா காலேஜுல ஹாஸ்டலோட இடமாமே. பெரிய விஷயம் சார்."

"வந்தாலும் அனுப்பறதா இல்ல. கையெழுத்துப் போடறேன்னு சும்மா சொல்லி வெச்சிருக்கேன். அவளும் போயிட்டா வீட்ல நான் யார்கிட்ட பேசறது?"

தபால்காரர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"அவங்க உங்ககிட்ட என்ன சார் பேசுவாங்க?"

இருபத்திரண்டு நிமிடத்தில் அந்தக் கருவி மௌனமாக இருந்தது அப்போதுதான். காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

"பேசுவா. நிறையப் பேசுவா" என்றார் கடைசியில்.

அம்மா துண்டை மடித்து நாற்காலிக் கையில் போட்டாள். எழுந்து மேசைக்கு வந்தாள். "டீச்சர், பேனா குடுங்க" என்றாள். பெற்றோர் என்று போட்டிருந்த இடத்தில் நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, விண்ணப்பத்தைப் பயிற்சியாளரின் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் ஓட்டமே முடியலையேம்மா?"

"அது அவ வேலை. என் வேலை முடிஞ்சுது. மூணுக்குள்ள வந்தா வெச்சுக்குங்க, வரலைன்னா கிழிச்சுப் போடுங்க."

அதே சமயம் மகள் தண்ணீர்த் தொட்டிக்கு வரும் கடைசி ஏற்றத்தில் இருந்தாள். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் ஐம்பது அடி தள்ளி இரண்டு பேரின் காலடிச் சத்தம். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவளுக்கு மூச்சு இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. வளைவு திரும்பியதும் அப்பா தெரிந்தார். போக்குவரத்துப் போலீஸ் மாதிரி வலது பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தபால்காரர் தண்ணீரை நீட்டினார். அவள் குவளையைப் பார்க்கவில்லை. அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள்.

சிவப்பு.

அவருடைய இரண்டு கையும் வெளியே இருக்கின்றன. வாயில் மைக் இல்லை. ஆனால் சிவப்பு எரிகிறது. வேறு யாருக்கு அது கண்ணில் பட்டிருக்கும்? பட்டாலும் யாருக்கு அர்த்தம் தெரிந்திருக்கும்? பேசலாமா கூடாதா என்று அந்தச் சின்ன விளக்கைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அப்பா, சிவப்பு எரியுது!"

உள்ளங்கை எழும்பியது.

"பேசாத, மூச்சுப் போகும்! வலது பக்கம்! ஓடு!"

ஓடினாள். பதினொரு வருடப் பழக்கம் கால்களில் இருந்தது. பத்து அடி, இருபது அடி. சிவப்பு எரிந்தால் இந்த மலையில் வேறு ஒருவர் குரலும் உயிரோடு இல்லை என்று அர்த்தம். யாராவது விழுந்து கிடந்தால்? யாராவது கத்திக்கொண்டிருந்தால்? அது அவளுடைய வேலையா? இல்லை. அவளுடைய வேலை முதல் மூன்று பேரில் ஒருத்தியாக வருவது. பின்னால் வந்த இருவரும் திருப்பத்தில் ஏறி, அவளைத் தொடர்ந்து வலது பக்கம் திரும்பிவிட்டார்கள். நாற்பது அடி. அவள் நின்றாள். நீங்களோ நானோ அவளிடத்தில் இருந்திருந்தால் நின்றிருப்போமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

திரும்பி, எதிரே வந்த இருவரையும் விலக்கிக்கொண்டு, ஏற்றத்தில் மறுபடி ஓடி வந்தாள்.

"ஏன் திரும்பி வர்ற? அறிவிருக்கா? ஓடு!" உள்ளங்கை மறுபடி அவள் முகத்துக்கு நேராக வந்தது.

"கைய எடுப்பா" என்றாள்.

பதினொரு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் சொல்லாத அந்த வாக்கியம் ஐந்து வாட்டில், ஒரு எழுத்து சேதமில்லாமல், மலை முழுக்க ஒலித்தது. கட்டுப்பாட்டு மேசையருகே நின்றிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

மகள் அந்தக் கைக்கு அடியில் குனிந்து புகுந்து, இடுப்புக் கருவியிலிருந்து மைக் வயரைப் பிடித்து இழுத்தாள். டப் என்று கழன்று வந்தது. சிவப்பு அணைந்தது. பச்சை எரிந்தது. உடனே கருவிக்குள்ளிருந்து ஐந்தாம் நிலையத்தில் நின்றிருந்த மருந்துக்கடைக்காரரின் குரல் பீறிட்டது.

"தேனீ! தேனீ! கூடு கலைஞ்சுருச்சு! வலது பக்கம் ஒருத்தரையும் அனுப்பாதீங்க! கால் மணி நேரமா கத்தறேன், எவன்யா அது பொத்தானை விடாதது!"

அவர் விட்டதும் டீச்சரின் குரல் வந்தது. பதற்றமே இல்லை. "நாலாம் நிலையம், எல்லாரையும் இடது பக்கம் அனுப்புங்க."

மகள் அதற்குள் வாயில் கையைக் குவித்து, வலது பாதையில் போய்க்கொண்டிருந்த இருவரையும், "தேனீ! திரும்புங்க! இடது!" என்று கத்திக் கூப்பிட்டாள். அவர்கள் திரும்பினார்கள். மூவரும் ஏறத்தாழ ஒன்றாக இடது பாதையில் இறங்கினார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அவர்களிடம் மூச்சு மிச்சமிருந்தது. அவளுடையது ஏற்றத்தில் பாய்ந்து வந்ததிலும் கத்தியதிலும் செலவாகிவிட்டது.

கடைசி இறக்கத்தில் நான்காவதாக வந்துகொண்டிருந்த ஒருத்தியும் அவளை எட்டிப் பிடித்தாள். கோட்டைத் தாண்டும்போது இருவருக்கும் இடையில் ஒரு முழங்கை தூரம்தான் இருந்தது. முழங்கை மகளுடையது. மூன்றாம் இடம். பயிற்சியாளர் விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து நம்மவர் மலையிறங்கி வந்தார். பதினான்கு பைகளும் ஆட, நேராக மனைவியிடம் போனார். மகள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் பொண்ணு பண்ணின காரியம் தெரியுமா? என் மைக் வழியா அவ குரல் காத்துல போயிருச்சாம். லைசென்ஸ் இல்லாதவ! விதிமீறல்!"

"கேட்டோம்" என்றாள் அம்மா.

"அவ பேசினதையா?"

"அதுக்கு முன்னாடி நீங்க பேசினதையும். இருபத்திரண்டு நிமிஷம். எல்லாரும் கேட்டோம். கையெழுத்து போட்டாச்சு."

நம்மவர் முகம் மாறியது. மேசையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், பயிற்சியாளரைப் பார்த்தார். டீச்சரைப் பற்றிச் சொன்னது, மகளுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அவர் கண்ணில் தெரிந்தது. ஒரு மனிதன் தலை குனிய வேண்டிய இடம் இருந்தால் அது இதுதான். எல்லாரும் காத்திருந்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தார், விழுங்கினார், மறுபடி எடுத்தார்.

"எப்படி வந்துது என் குரல்?" என்றார்.

"பிரமாதம் சார்" என்றார் டீச்சர். "ஒரு எழுத்து விட்டுப்போகல."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை மகள் பார்த்தாள். இரும்புக் கொக்கியைத் தடவிக்கொண்டே, "நீளமான ஆன்டெனா, அதான்" என்றார்.

மருந்துக்கடைக்காரரின் காது ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. சங்கக் கூட்டத்தில் நம்மவர் அந்தக் காலையைப் பற்றி அறிக்கை வாசித்தார். நான்காம் நிலையத்தின் துரித நடவடிக்கையால் பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது, ஐந்தாம் நிலையம் இன்னும் தெளிவாகப் பேசப் பழக வேண்டும். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் வகுப்பெடுக்கிறார். தலைப்பு, அடிக்கடி குனிந்து சிவப்பு விளக்கைப் பாருங்கள். வகுப்பு இரண்டு மணி நேரம். கேள்விக்கு நேரம் ஒதுக்குவதில்லை.

மகள் விடுதியில் இருக்கிறாள். ஞாயிறு தோறும் அவர் செல்போனில் கூப்பிடுவார். செல்போனில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். இந்த முன்னேற்றம் அவர் விஷயத்தில் வீண். "கேக்குதா?" என்பார். "கேக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு, போனைக் கட்டில்மேல் வைத்து, ஷூ நாடாவைக் கட்டத் தொடங்குவாள். ஒரே ஒரு முறை, மாநில அணிக்குத் தேர்வான அன்று, "அப்பா, ஒரு விஷயம்" என்றாள். அங்கே கை எழும்பியது இங்கே அவளுக்குத் தெரிந்தது. நாடாவை இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓடப் போய்விட்டாள்.

சிரித்தீர்கள் அல்லவா? உங்களிடம் அப்படி ஒரு கருவி இல்லை, ஆன்டெனா இல்லை, பதினான்கு பை வைத்த சட்டை நிச்சயமாக இல்லை. நல்லது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். இதைப் படிக்கத் தொடங்கிச் சற்று நேரத்தில் உங்கள் வீட்டில் யாரோ வாசற்படியில் வந்து நின்று ஏதோ சொன்னார்களே, அது என்ன? நிமிராமலே ஒரு கையை உயர்த்தி, "இரு, இத முடிச்சுடறேன்" என்றீர்களே, அந்தக் கை இப்போது எங்கே இருக்கிறது?

இறக்கிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.